துப்பறியும் கோவிந்தனைத் தந்தவர்

செஞ்சிக் கோட்டையின் நிழலில் வாழும் நமக்கு வீரன் என்றாலே ராஜா தேசிங்கின் நினைவுதான் வரும். வாளும் குதிரையும் இல்லாமல், அறிவையே ஆயுதமாகக் கொண்ட ஒரு வீரனைத் தமிழருக்குத் தந்தவர் ஜே. ஆர். ரங்கராஜு ஆவார். அந்த வீரனே துப்பறியும் கோவிந்தன்.

ரங்கராஜு 1875ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் பிறந்தார். அவருக்கு நான்கு வயதானபோதுதான் தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் அச்சேறியது. ஆங்கிலம் கற்றவர்கள் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் மூழ்கியிருந்த காலத்தில், 1908இல் அவருடைய 'இராஜாம்பாள்' வெளிவந்தது. அதைத் தொடர்ந்து சந்திரகாந்தா, மோகனசுந்தரம், ஆனந்தகிருஷ்ணன், ராஜேந்திரன் முதலிய நாவல்களை எழுதினார். குற்றவாளி யார் என்ற ஆவலைத் தூண்டுவதோடு அவர் நிற்கவில்லை. பக்தி வேடமிட்டு ஊரை ஏமாற்றுவோரின் முகத்திரையையும் கிழித்தார்.

அந்நாளில் நாடக மேடைகளில் புராணக் கதைகளே நிறைந்திருந்தன. எம். கந்தசாமி முதலியார் ரங்கராஜுவின் நாவல்களை நாடகங்களாக்கிச் சிறுவர்களுக்குப் பயிற்சி அளித்தார். கிரீடம் தரித்த அரசர்கள் உலவிய மேடையில் போலீஸ்காரரும் வக்கீலும் தோன்றினர். பெண் வேடங்களையும் சிறுவர்களே ஏற்று நடித்தனர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கோவிந்தனை அறிந்துகொண்டனர். பின்னர் இக்கதைகள் திரைப்படங்களாகவும் வந்தன. 1936இல் வெளிவந்த 'சந்திரகாந்தா'வில் பி. யு. சின்னப்பா நடித்தார். 1951இல் 'இராஜாம்பாள்' படத்தில் ஆர். எஸ். மனோகர் அறிமுகமானார்.

இத்தனை புகழ் பெற்றவரின் எழுத்து வாழ்க்கை சோகமாகவே முடிந்தது. 'வரதராஜன்' என்னும் நாவல் பிறர் நூலைத் தழுவியது என்று வழக்கு எழுந்தது. குற்றவாளிகளைக் கூண்டில் நிறுத்திய எழுத்தாளர் தாமே நீதிமன்றத்தைச் சந்திக்க நேர்ந்தது. அதன்பின் அவர் நாவல் எழுதுவதையே நிறுத்திவிட்டார். 1959இல் காலமானார்.

அன்புத் தோழியரே! இவ்வரலாற்றைப் படித்தபோது, சென்ற ஆண்டு என் அக்காவின் நோட்டைப் பார்த்து நான் எழுதிக் கொடுத்த கட்டுரை நினைவுக்கு வந்தது. அதற்குக் கிடைத்த பாராட்டு இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. யாரும் துப்பறியவில்லை; ஆனால் மனச்சாட்சி என்னும் கோவிந்தன் கண்டுபிடித்துவிட்டான். ஆகவே இக்கட்டுரையை என் சொந்த நடையிலேயே எழுதியுள்ளேன். பிழைகள் இருப்பின் அவையும் என்னுடையவையே!

– பத்தாம் வகுப்பு மாணவி, செஞ்சி