கையெழுத்தே போடாத ரமணர்: திருச்சுழியில் பிறந்தவரின் படங்களுக்குப் பின்னால் இருக்கும் கதை

பிரபல இசைக்கலைஞர்களின் கையெழுத்திட்ட புகைப்படங்களைத் தேடித் தேடி வாங்கும் கூட்டம் உலகம் முழுக்க இருக்கு. ஒரே நெகட்டிவ், ஒரே படம். ஆனா ஓரத்தில் ஒரு கையெழுத்து விழுந்துவிட்டால் விலை எங்கேயோ போயிடும். இந்தச் சந்தையில் ஒருவரின் படம் மட்டும் தனி ரகம். அவர் ரமண மகரிஷி. அவர் முகம் உலகத்துக்கே தெரியும். ஆனால் அவர் கையெழுத்துப் போட்ட படம்?

யார் இவர்?

அருப்புக்கோட்டையை அடுத்த வறண்ட பூமி, குண்டாற்றங்கரை திருச்சுழி. 1879 டிசம்பர் 30-ல் அங்கே பிறந்தவர் வேங்கடராமன். அப்பா சுந்தரமய்யர் அந்த ஊர் கோர்ட்டில் வக்கீல். அம்மா அழகம்மாள். 1892-ல் அப்பா இறந்துபோக, பையன் மதுரையில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தார்.

1896-ல், 16 வயசில், திடீரென வந்த மரண பயம் அவர் வாழ்க்கையையே திருப்பிப் போட்டது. அடுத்த சில வாரங்களில் வீட்டை விட்டுக் கிளம்பினார். கிளம்பும்போது எழுதி வைத்த சீட்டுதான் இங்கே முக்கியம். தன்னிலையில் தொடங்கும் அந்தக் கடிதம், பாதியில் தன்னையே ஒரு பொருள் மாதிரி 'இது' என்று சொல்ல ஆரம்பித்துவிடும். கடைசியில் பேர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. அம்புட்டுதான்.

ஒரே ஒரு முறை எழுதிய பெயர்

செப்டம்பர் 1-ல் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். மௌனமாக இருந்த அந்த இளைஞர் யார், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்த வேங்கடராமய்யர் என்பவர், பேர் சொன்னால்தான் ஆச்சு, இல்லையென்றால் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். வேறு வழியில்லாமல் பெயரையும் திருச்சுழி என்ற ஊரையும் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினார். ஊர் எதுவென்று அவருக்குப் புரியாமல் போக, பக்கத்தில் இருந்த பெரியபுராணத்தை எடுத்து, சுந்தரர் பாடிய தலம் என்று தொட்டுக் காட்டினார். சொந்த ஊருக்கு இதைவிட நல்ல அடையாள அட்டை கிடைக்காது.

எழுதத் தெரியாதவர் இல்லை என்பதையும் கவனிக்கணும். தமிழ், தெலுங்கு, மலையாளம், சமஸ்கிருதம் என அவர் கைப்பட எழுதியது நிறைய இருக்கு. அச்சுப் படிகளையும் அவரே திருத்துவார். பெயர் மட்டும்தான் கிடையாது.

கோர்ட்டும் ரிஜிஸ்தரும் விடுமா?

ஆசிரமம் வளர வளர, சொத்து யாருடையது என்ற சண்டை கோர்ட் வரைக்கும் போனது. பேரே இல்லை என்பவர் பேரில் நிலம், கட்டடம் எல்லாம் எப்படி நிற்கும்? தனக்குப் பிறகு நிர்வாகம் யாரிடம் போகும் என்பதையும் எழுதி வைத்தாக வேண்டிய கட்டாயம். 1938-ல் உயில் பதிவானது. கையெழுத்து இடத்தில் அவர் இழுத்தது ஒரு கோடு. 42 வருஷத்துக்கு முந்தைய மதுரைச் சீட்டில் இருந்த மாதிரியே.

அப்போ அந்தப் படங்கள்?

கேமராவுக்கு மட்டும் அவர் மறுப்பு சொன்னதில்லை. சென்னை டாக்டர் டி.என். கிருஷ்ணசாமி எடுத்த படங்கள் ஏராளம். இன்று வீடுகளில் மாட்டியிருக்கும் அந்த மார்பளவுப் படம், பெங்களூரு ஜி.ஜி. வெல்லிங் எடுத்தது. லேசான சிரிப்பு, குட்டையான வெள்ளை முடி, பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

1950 ஏப்ரலில், இடது கையில் வந்த புற்றுக்கட்டியால் அவர் கடைசி நாட்களில் இருந்தபோது வந்து சேர்ந்தார் பிரெஞ்சு புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸான், மேக்னம் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு வானில் ஒரு எரிநட்சத்திரம் மெதுவாகப் போனதைப் பார்த்ததாக அவர் பதிவு செய்திருக்கிறார். ரமணர் மறைந்தது அந்த நேரத்தில்தான்.

ஆகவே ரமணர் கையெழுத்திட்ட படம் என்று யாராவது விற்க வந்தால், விலை பேசுவதற்கு முன்னால் அது யார் கையெழுத்து என்று பாருங்கள். கார்ட்டியே-ப்ரெஸ்ஸான் தன் பிரிண்டுகளின் ஓரத்தில் கையெழுத்துப் போடும் வழக்கம் கொண்டிருந்தவர்.