எல்லாப்பிரகத சுப்பாராவ்

எல்லாப்பிரகத சுப்பாராவ் (1895 - 1948) ஓர் இந்திய உயிர்வேதியியலாளர் ஆவார். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். கதராடை அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்ற இவர், 1940 முதல் லெடர்லி ஆய்வகத்தில் பணியாற்றினார்.

அங்கு இவரது குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தனர். அதன் அமைப்பைச் சிறிது மாற்றி உருவாக்கிய அமினோப்டெரின், உயிரணுக்களின் பெருக்கத்தைத் தடுத்தது. இரத்தப் புற்றுநோயுற்ற சிறுவர் சிலருக்கு இது தற்காலிக நிவாரணம் அளித்ததை 1948இல் சிட்னி ஃபார்பர் வெளியிட்டார். இயற்கை மூலக்கூற்றைப் போன்ற போலியை வடிவமைக்கும் இவ்வுத்தியைக் கோவிட்-19 நோய்க்குப் பயன்பட்ட ரெம்டெசிவிரிலும் காணலாம்.

இவரது குழு கண்டறிந்த டைஎத்தில்கார்பமசைன், யானைக்கால் நோய்க்கு இன்றும் வழங்கப்படுகிறது. சுப்பாராவ் அமெரிக்கக் குடியுரிமை பெறாமலே 53ஆம் அகவையில் காலமானார்.