அடிக்குப் பதிலாக ஒரு கருவி: ஜோன் லார்சனின் வாழ்க்கை

பொய் அறியும் கருவியைச் செய்த ஜோன் லார்சன், விசாரணை அறையில் விழும் அடியை நிறுத்தவே அந்த வேலையில் இறங்கினார். உருத்திரபுரத்தில் இருக்கும் எனக்கு அவரில் அக்கறை வந்ததும் அதனால்தான்.

1892 இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். உடலியங்கியலில் கலாநிதிப் பட்டம் பெற்றிருந்தும், கலிபோர்னியாவின் பேர்க்லி நகரில் பொலிஸ்காரராக வேலை செய்தார். அங்கே பொலிஸ் தலைவராக இருந்த ஒகஸ்ட் வோல்மருக்கு, சந்தேகநபர்களை அடித்து விசாரிப்பது பிடிக்காது. அவரின் ஊக்கத்தில் 1921 இல் லார்சன் கருவியைச் செய்தார். அது இரத்த அழுத்தத்தையும் மூச்சையும் புகைக்கரி பூசிய தாளில் இடைவிடாமல் கோடாக எழுதியது.

முதல் வழக்கு, மாணவிகள் விடுதியொன்றில் நடந்த திருட்டு. ஒருத்தியின் கோடு துள்ளியது. பின்னர் அவள் ஒப்புக்கொண்டாள். அங்கே சோதிக்கப்பட்ட இன்னொரு மாணவியை லார்சன் மணந்துகொண்டது வேறு கதை.

ஆனால் குற்றமற்றவருக்கும் பயத்தில் நெஞ்சு அடிக்கும். லார்சன் இதை விளங்கிக்கொண்டார். அவருடன் வேலை பழகிய லெனார்ட் கீலரோ கருவியைச் சிறிதாக்கி வியாபாரமாக்கினார். கருவிக்கு எல்லாம் தெரியும் என்று மிரட்டியே பொலிஸார் ஒப்புதல் வாங்கினார்கள். அடி நின்ற இடத்தில் மிரட்டல் வந்தது.

எங்களுக்கு இது புதிதல்ல. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கோ அவருக்கு மேற்பட்டவருக்கோ கொடுத்த ஒப்புதலைச் சான்றாக ஏற்கிறது. வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்தவர்கள் எத்தனை பேர்! அந்தத் தாளில் இருப்பது கைதிக்குத் தெரிந்ததா, விசாரித்தவருக்குத் தெரிந்ததா?

இதே கேள்விக்குக் கிட்ட வந்தவர் அமெரிக்க உளவியலாளர் டேவிட் லிக்கன். 1959 இல் அவர் வேறொரு சோதனையை முன்வைத்தார். திருடினாயா என்று கேட்பதில்லை. களவு போனது மோதிரமா, சங்கிலியா, மணிக்கூடா என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, உள்ளங்கை வியர்வையைப் பார்ப்பது. அறியாதவருக்கு எல்லாம் ஒன்றுதான். ஆனால் விசாரிப்பவர் முன்கூட்டியே விபரத்தைச் சொல்லிவிட்டால் சோதனை செத்துவிடும். ஜப்பானியப் பொலிஸார் இந்த வகைச் சோதனையைப் பயன்படுத்துகிறார்கள். இந்திய உச்ச நீதிமன்றமோ 2010 இல், செல்வி வழக்கில், சம்மதமின்றி யாரையும் பொய் அறியும் கருவிக்கோ மூளை அலைச் சோதனைக்கோ உட்படுத்தக்கூடாது என்று தீர்ப்பளித்தது.

லார்சன் பின்னர் மருத்துவம் படித்து மனநல வைத்தியரானார். தன் கருவி அடியின் இன்னொரு வடிவமாகிவிட்டது என்ற கசப்போடு 1965 இல் காலமானார். அப்போது அமெரிக்காவில் அந்தக் கருவி பெரிய வியாபாரமாகியிருந்தது.