11 வயதில் பள்ளியை விட்டவர்... நேட்டோவுக்கு விதை போட்டது எப்படி? யார் இந்த எர்னஸ்ட் பெவின்?

நேட்டோ என்றாலே நம் நினைவுக்கு வருவது அமெரிக்காதான். ஆனா, அந்தக் கூட்டணிக்கு முதலில் அலையாய் அலைந்தவர் ஒரு பிரிட்டன்காரர். பெயர் எர்னஸ்ட் பெவின்.

வண்டி ஓட்டியவர் அமைச்சரான கதை

1881-ல் இங்கிலாந்தின் சோமர்செட் பகுதி கிராமம் ஒன்றில் பிறந்தார். அப்பா யாரென்றே தெரியாது. 8 வயதில் அம்மாவும் போய்விட்டார். 11 வயதில் படிப்பு நின்றது. பண்ணை வேலை, பிறகு பிரிஸ்டலில் சரக்கு வண்டி ஓட்டும் வேலை.

1922-ல் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கான பெரிய சங்கத்தைக் கட்டி எழுப்பினார். 1940-ல் சர்ச்சில் இவரைத் தொழிலாளர் துறை அமைச்சராக்கினார். 1945-ல் அட்லி ஆட்சியில் வெளியுறவு அமைச்சர்.

என்ன சிக்கல்?

போரில் ஜெயித்தாலும் பிரிட்டனின் கஜானா காலி. கிழக்கு ஐரோப்பா முழுக்க சோவியத் பிடியில். மறுபடி போர் வந்தால் அமெரிக்கா வருமா, வராதா? அதுதான் பெவினின் கவலை.

நீங்களே உங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தயாரா என அமெரிக்கா கேட்கும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் முதலில் வீட்டு வேலையை முடித்தார். 1948 மார்ச் 17-ல் பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் ஆகிய 5 நாடுகள் பிரஸ்ஸல்ஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதே ஆண்டு ராணுவத் திட்டமிடலுக்கும் பொது அமைப்பு உருவானது. தளபதிகள் குழுவுக்குத் தலைவர் மாண்ட்கோமரி.

பென்டகனில் ரகசியப் பேச்சு

ஒப்பந்தம் கையெழுத்தாகி 5 நாளில், அமெரிக்கா, பிரிட்டன், கனடா அதிகாரிகள் பென்டகனில் ரகசியமாகக் கூடினார்கள். ட்விஸ்ட் என்னன்னா, அதில் இருந்த பிரிட்டன் தூதரக அதிகாரி டொனால்ட் மெக்லீன் ஒரு சோவியத் உளவாளி!

ஜூன் மாதம் மேற்கு பெர்லினுக்கான தரைவழிகளை சோவியத் அடைத்தது. விமானத்தில் உணவும் நிலக்கரியும் போய் இறங்கின. அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் பிரிட்டனில் நிற்க பெவின் சம்மதித்தார். ஒரு பக்கம் ஒப்பந்தப் பேச்சு, இன்னொரு பக்கம் படை ஏற்பாடு. இரண்டும் சேர்ந்தே நகர்ந்தன.

ஷரத்து 5 ஏன் முக்கியம்?

ஒரு நாட்டைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாக அர்த்தம். ஐரோப்பாவுக்கு உறுதியான வாக்கு வேண்டும். ஆனா, தானாகவே போரில் இறங்கும் கட்டாயத்தை அமெரிக்க செனட் ஏற்காது. அதனால், என்ன உதவி தேவை என்பதை ஒவ்வொரு நாடும் முடிவு செய்யலாம் என்று வாசகம் அமைந்தது. இன்றைக்கும் நேட்டோ பற்றிய விவாதம் சுற்றிச் சுற்றி வருவது இந்த இடத்தில்தான்.

1949 ஏப்ரல் 4-ல் வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்திட்டன. பிரிட்டன் சார்பில் கையெழுத்து போட்டவர் பெவின். அடுத்த மாதமே பெர்லின் முற்றுகை விலகியது.

இதய நோயோடுதான் இத்தனையும் செய்தார். 1951 மார்ச்சில் பதவி விலகினார். ஏப்ரல் 2-ல் ஐசனோவர் தலைமையில் நேட்டோவின் ஐரோப்பியப் படைத் தலைமையகம் செயல்படத் தொடங்கியது. 12 நாள் கழித்து, ஏப்ரல் 14-ல் பெவின் காலமானார்.

12 நாடுகளோடு தொடங்கிய நேட்டோவில் இப்போது 32 நாடுகள். ஷரத்து 5 இதுவரை பயன்படுத்தப்பட்டது ஒரே ஒரு முறைதான். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அதுவும் அமெரிக்காவுக்காக. ஐரோப்பாவைக் காக்க பெவின் கேட்டு வாங்கிய வாக்குறுதி, கடைசியில் கொடுத்தவருக்கே முதலில் உதவியது.