கொடுமுடி தந்த வெண்கலக் குரல்

நம்ம பெருமாநல்லூர்ப் பக்கம் கோயில் நோம்பின்னா, குழாய் ரேடியோவில் கே.பி. சுந்தராம்பாள் பாட்டு இல்லாமல் இருக்காது. அந்த அம்மாவும் நம் கொங்கு மண்ணுக்காரர்தான். 1908-இல் கொடுமுடியில் பிறந்தார். வறுமையில் வளர்ந்து, சின்ன வயசிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். உடன் நடித்த எஸ்.ஜி. கிட்டப்பாவைக் கல்யாணம் செய்தார். மனத்தாங்கலும் வந்தது, பிரிவும் வந்தது.

1933-இல் கிட்டப்பா காலமானார். அப்போது அம்மாவுக்கு வயசு 25. அன்று உடுத்திய வெள்ளைச் சேலையைக் கடைசிவரை மாற்றவில்லை. ஆண்களோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்றும் முடிவெடுத்தார். ஒரு நடிகைக்கு அதோடு தொழில் முடிஞ்சுதுன்னுதானே நினைப்போம்? 1935-இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே, ஆண் வேடத்தில் வந்து நின்றார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய்!

பிறகு 1953-இல் ‘ஔவையார்’, 1964-இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள், 1965-இல் ‘திருவிளையாடல்’. ஜோடியே இல்லாமல் ஜெயித்தார். சட்ட மேலவை உறுப்பினரானார். ‘துணைவன்’ படத்தில் பாடியதற்குத் தேசிய விருது, 1970-இல் பத்மஸ்ரீ. 1980-இல் மறைந்தார்.

நம்மோடு படித்த தோழிகளிலும் இளவயதில் துணையை இழந்து, பனியன் கம்பெனிக்குப் போய்ப் பிள்ளைகளை ஆளாக்கியவர்கள் உண்டு. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதினேன்.