மங்கிய ஒளியை முதலில் கண்டவர்

பாலக்காட்டை அடுத்த கல்பாத்தி ஆற்றங்கரையில் ஓர் அக்கிரகாரம் உண்டு. பல தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து குடிபெயர்ந்தோர் அங்கு வாழ்கின்றனர். சுற்றிலும் மலையாளம் ஒலித்தாலும் வீட்டுக்குள் தமிழை அவர்கள் விட்டுவிடவில்லை. அவ்வூரில் 1893ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் கல்பாத்தி இராமகிருஷ்ண இராமநாதன் பிறந்தார். தந்தையார் வடமொழியில் வல்லவர். மைந்தரின் நாட்டமோ இயற்பியலில் சென்றது.

பாலக்காட்டிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றபின், 1914இல் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் ஆய்வகச் செய்முறைகளைக் கற்பிக்கும் பணியில் அவர் அமர்ந்தார். தனுவச்சபுரத்திலிருந்தும் பாறசாலையிலிருந்தும் இரயிலேறிச் செல்வோர் அறிந்த பல்கலைக்கழகக் கல்லூரியே அது. அங்குக் கற்பித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. மாலைதோறும் மலைப்பக்கமிருந்து திரண்டுவரும் இடியையும் மின்னலையும் நாம் கண்டு அஞ்சுவோம். அவரோ அவற்றை ஆராய்ந்து கட்டுரை வரைந்தார்.

1921இல் கல்கத்தா சென்று சி. வி. இராமனிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். அவ்வாண்டுதான் இராமன் கடற்பயணம் ஒன்றை முடித்துத் திரும்பியிருந்தார். கடலின் நீலம் வானத்து நீலத்தின் நிழல் மட்டுமே என்று அந்நாளில் பலர் நம்பினர். நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடித்து அந்நிறத்தைத் தருகின்றன என்பது இராமன் கண்ட முடிவு. ஆகவே நீரிலும் பிற நீர்மங்களிலும் ஒளி எவ்வாறு சிதறுகிறது என்று ஆராயும் பணி மாணவர்க்கு வாய்த்தது. பின்னர் இரங்கூன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப்பணி ஏற்ற பின்னும், விடுமுறை வந்தால் இராமநாதன் கல்கத்தா ஆய்வகத்துக்கே விரைந்தார்.

1923இல் அவர் செய்த சோதனை எளியது. கதிரவன் ஒளியை வில்லையால் குவித்து, ஊதா ஒளியை மட்டும் விடும் வண்ண வடிகட்டி வழியாகத் தூய நீர்மத்துள் செலுத்தினார். பக்கவாட்டில் சிதறிவரும் ஒளியைப் பச்சை வடிகட்டி வழியாக நோக்கினார். இந்த இரண்டாம் வடிகட்டி ஊதாவை முற்றிலும் தடுக்கும். ஆகவே கண்ணுக்கு இருளே தெரிய வேண்டும். ஆயினும் மங்கிய ஒளிக்கீற்று ஒன்று தெரிந்தது! உள்ளே சென்ற ஒளியில் இல்லாத நிறம் வெளியே எவ்வாறு வந்தது?

நீர்மத்தில் கலந்த மாசே காரணமாகலாம் என்று இராமன் ஐயுற்றார். சில பொருள்கள் ஒரு நிற ஒளியை உட்கொண்டு வேறொரு நிறத்தை உமிழும். இதனை உடனொளிர்வு என்பர். எனவே இராமநாதன் காற்றை அகற்றிய கலத்தில் நீர்மத்தை மெல்ல மெல்ல, மீண்டும் மீண்டும் காய்ச்சி வடித்தார். பொறுமையைச் சோதிக்கும் வேலை அது. எத்தனை முறை வடித்தாலும் கீற்று மறையவில்லை. ஆயினும் அது வலுவற்ற உடனொளிர்வு என்றே ஆய்வேட்டில் பதிவாயிற்று. இராமனுக்கு அவ்விளக்கம் நிறைவு தரவில்லை. கையிலிருந்த கருவிகளைக் கொண்டு அதனை மறுக்கவும் அப்போது இயலவில்லை.

1925இல் இராமநாதன் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். கல்கத்தாவில் கே. எஸ். கிருஷ்ணன் அவ்வாய்வைத் தொடர்ந்தார். மங்கிய அவ்வொளியின் அலைகள் பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்வதை அவர்கள் கண்டனர். உடனொளிர்வுக்கு இத்தன்மை பொருந்தாது. ஆகவே இது புதிய ஒளி. மூலக்கூறுகள் தாமே ஒளியின் நிறத்தை மாற்றுகின்றன என்பது தெளிவாயிற்று. 1928 பிப்ரவரி 28ஆம் நாள் இராமன் விளைவு உறுதியாயிற்று. அன்று இராமநாதனுக்கு முப்பத்தைந்தாம் பிறந்த நாள். 1930இல் நோபல் பரிசு இராமனுக்குக் கிடைத்தது. ஐந்தாண்டுகளுக்கு முன்னரே அக்கீற்றைக் கண்ட கண்கள் இராமநாதனுடையவை. கண்டதைத் தவறாமல் எழுதியும் வைத்தார். அதன் பொருள் மட்டும் அன்று பிடிபடவில்லை. அவர் காய்ச்சி வடித்த பொறுமை வீணாயிற்று என்று கூறுவது பொருந்தாது. மாசு காரணமன்று எனப் பின்னர் வந்தோர் துணிவதற்கு அதுவும் அடிப்படையாயிற்று.

சிதறும் ஒளித்துகள்களுள் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒன்றே இவ்வாறு நிறம் மாறும். கதிரவன் ஒளியில் அதைக் காண்பது எத்துணை அரிது என்பதை இதனால் உணரலாம். 1960இல் லேசர் பிறந்தபின் நிலைமை மாறியது. லேசர் ஒளி ஒரே நிறமும் ஒரே திசையும் கொண்டது; அதன் அலைகள் அணிவகுப்பில் நடப்போர்போல் ஒத்த அடியெடுத்துச் செல்லும். அவ்வொளியைப் பாய்ச்சி, இன்று மருந்து, மணிக்கல், வண்ணப்பூச்சு எனப் பலவற்றின் மூலக்கூறுகளை ஆய்வகங்கள் அடையாளம் காண்கின்றன.

இராமநாதனோ வானத்தை நோக்கித் திரும்பினார். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 17 கிலோமீட்டர் உயரத்தில்தான் காற்று மிகக் குளிர்ந்துள்ளது, துருவங்களின் மேலன்று என 1929இல் எடுத்துக்காட்டினார். 1948இல் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். அதனை நிறுவியவர் விக்ரம் சாராபாய். அங்கும் ஒளியே அவருக்குக் கருவி. கதிரவனின் புற ஊதாக் கதிர்களுள் எவ்வெவை எவ்வளவு குறைந்து தரையை அடைகின்றன என்று அளந்து, நம்மைக் காக்கும் ஓசோன் படலம் எவ்வுயரத்தில் எவ்வளவு பரவியுள்ளது எனக் கணிக்கும் முறையை மாணவருடன் சேர்ந்து வகுத்தார்.

1976இல் பத்ம விபூஷண் விருது அவரைத் தேடி வந்தது. 1984ஆம் ஆண்டின் இறுதி நாளில், தொண்ணூற்றோராம் அகவையில் அவர் இயற்கை எய்தினார்.