லிங்கனைக் காத்த நண்பர்

அமெரிக்காவில் அடிமைகளுக்கு விடுதலை தந்தவர் ஆபிரகாம் லிங்கன். இதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால், அவரே ஒரு காலத்தில் வாழ்க்கையை வெறுத்து, உயிர் வாழவே விரும்பாமல் இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. அந்த வேளையில் அவருக்குத் துணை நின்றவர் ஒரு நண்பர்.

ஏழைச் சிறுவன்

லிங்கன் 1809-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி, கென்டக்கி மாநிலத்தில் ஒரு மரக் குடிசையில் பிறந்தார். அவருக்கு 9 வயதானபோது தாயார் நான்சி காலமானார். குடும்பத்தில் வறுமை. அவர் பள்ளிக்கூடம் சென்ற நாட்களை எல்லாம் கூட்டினால் ஓர் ஆண்டுதான் தேறும். மரம் வெட்டினார். கடையில் வேலை பார்த்தார். தாமாகவே சட்டம் படித்து வக்கீல் ஆனார்.

முதல் அடி

1835-ம் ஆண்டு. இலினாய் மாநிலத்தில், நியூ சேலம் என்ற சிற்றூரில் லிங்கன் வசித்தார். அவர் நேசித்த ஆன் ரட்லெட்ஜ் என்ற பெண் காய்ச்சலில் இறந்துபோனாள். லிங்கன் இடிந்துபோனார். அவரைப் பார்த்து ஊரார் பயந்தார்கள். ஆனால் ஒதுங்கிப் போகவில்லை. அவர் மீது ஒரு கண் வைத்திருந்தார்கள். பௌலிங் கிரீன் என்ற பெரியவரும் அவருடைய மனைவியும் லிங்கனைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துச் சென்று, தேறும்வரை கவனித்துக்கொண்டார்கள்.

நண்பர் கிடைத்தார்

1837-ல் லிங்கன் ஸ்பிரிங்பீல்டு நகருக்கு வந்தார். படுக்கை வாங்க ஒரு கடைக்குப் போனார். 17 டாலர் ஆகும் என்றார் கடைக்காரர். லிங்கனிடம் அவ்வளவு பணம் இல்லை. அவருடைய வாடிய முகத்தைப் பார்த்துக் கடைக்காரர் மனம் இரங்கினார். மாடியில் உள்ள தம் அறையிலேயே தங்கிக்கொள்ளச் சொன்னார். அவர்தான் ஜோஷுவா ஸ்பீட். சுமார் நான்கு ஆண்டுகள் இருவரும் அங்கே ஒன்றாக வாழ்ந்தார்கள்.

இருண்ட நாட்கள்

1841 ஜனவரி மாதம். மேரி டாட் என்ற பெண்ணுடன் நிச்சயமான கல்யாணம் முறிந்துபோயிற்று. லிங்கன் அப்போது சட்டசபை உறுப்பினர். சில நாட்கள் சபைக்கும் போகவில்லை. வாழ்ந்தது போதும் என்ற எண்ணம் அவரை வாட்டியது.

ஸ்பீட் அவரைத் திட்டவில்லை. கேலி செய்யவில்லை. ஆபத்து வரும் என்று அஞ்சி, சவரக் கத்தி முதலிய கூரிய பொருள்களை அறையிலிருந்து அகற்றினார். ஹென்றி என்ற டாக்டர் சிகிச்சை செய்தார்.

அந்த ஆண்டு ஸ்பீட், கென்டக்கியில் உள்ள தம் குடும்பப் பண்ணைக்குத் திரும்பினார். ஆகஸ்டு மாதம் லிங்கனும் அங்கே போய், சில வாரங்கள் தங்கினார். ஸ்பீடின் தாயார் லூசி, அவரைத் தம் பிள்ளை போல் நடத்தினார். ஒரு பைபிளும் பரிசளித்தார். லிங்கன் மெல்ல மெல்லத் தேறினார்.

உதவிக்கு உதவி

அடுத்த ஆண்டு ஸ்பீடுக்குக் கல்யாணம். அப்போது அவரைக் கலக்கமும் கவலையும் பிடித்துக்கொண்டன. இம்முறை லிங்கன் தைரியம் சொன்னார். கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். பிப்ரவரியில் ஸ்பீடின் திருமணம் நடந்தது. நவம்பரில் லிங்கன் அதே மேரியை மணந்தார்.

லிங்கன் 1861-ல் ஜனாதிபதி ஆனார். உள்நாட்டுப் போர் மூண்டது. 1862 டிசம்பரில் அவருடைய நண்பர் ஒருவர் போரில் மாண்டார். அவர் மகள் பேனி துக்கம் தாங்காமல் தவித்தாள். அத்தனை வேலைக்கு நடுவிலும் லிங்கன் அவளுக்குக் கடிதம் எழுதினார். இப்போது நம்ப முடியாவிட்டாலும், மீண்டும் மகிழ்ச்சி வரும் என்றும், அதைத் தம் அனுபவத்தில் கண்டதாகவும் தெரிவித்தார்.

1863 ஜனவரி 1-ந் தேதி அடிமை விடுதலைப் பிரகடனம் வெளியாயிற்று. 1841-ல் லிங்கன், தம்மை உலகம் நினைக்கும்படி ஒன்றும் செய்யவில்லையே என்று ஸ்பீடிடம் வருந்தியிருந்தார். பிரகடனத்துக்குப் பிறகு, அந்தப் பேச்சை நண்பருக்கு நினைவூட்டினார். தம் ஆசை நிறைவேறும் என்ற நம்பிக்கை அவருக்கு வந்திருந்தது.

1865 ஏப்ரல் 15-ந் தேதி, கொலைகாரனின் குண்டுக்கு இரையாகி லிங்கன் மறைந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா முழுவதும் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது.

நாம் செய்யக்கூடியது

சோகம் லிங்கனை முழுவதும் விட்டு விலகவில்லை. ஆனாலும் அவர் வாழ்ந்தார். அரிய காரியம் செய்தார். அவருக்கு ஸ்பீட் செய்த உதவி பணக்காரர் மட்டும் செய்யக்கூடியது அல்ல. நம் வீட்டில், தெருவில் ஒருவர் மனம் உடைந்திருந்தால் தனியே விடக் கூடாது. சாக நினைக்கிறாயா என்று அன்போடு கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பொறுமையாகக் கேட்டாலே பாதி பாரம் குறையும். ஆபத்தான பொருள்களை அப்புறப்படுத்தி, டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் போன் செய்து, தமிழிலேயே பேசலாம்.

துன்பப்படுகிறவர் நீங்களே ஆனால், ஒருவரிடமாவது இன்றே சொல்லுங்கள். லிங்கனுக்கு விடிந்தது. உங்களுக்கும் விடியும்.